பூச்சிகளின் மிகை நிறமூர்த்தங்கள்

உயிர்க்கலம் ஒன்று இரண்டாகப் பிரியும்பொழுது அதன் கருவினுள் இருக்கும் நிறமூர்த்தங்கள் மகட்கலங்கள் இரண்டுக்கும் ஏற்றத்தாழ்வின்றிப் பங்கிடப்படும் என்பது உயிரியல் வகுப்பிற் புகும் மாணவன் முதலிற் கற்கும் பாடங்களுள் ஒன்றாகும். தமிழகத்தார் குரோமோசோம் என வழங்கும் இந்நுண்ணிய இழைகளிலேதான் பெற்றோரின் இயல்புகளைப் பிள்ளைகளுக்குக் கொண்டுசெல்லும் பரம்பரையலகுகள் அமைந்துள்ளன. ஒவ்வோர் உயிரினத்துக்கும் அவற்றின் தொகை வரையறுக்கப்பட்டது. மனிதருக்கு 46. பப்பாசி இலையின் கீழே மாத் தூவியதுபோல் அப்பிக் கிடக்கும் மாவுப்பூச்சிக் குடும்பத்திற் பல இனங்களுக்கு 10. வயல்வரம்பிலே துள்ளும் தத்துவெட்டிகளுட் பெரும்பாலானவற்றில் ஆணுக்கு 23, பெண்ணுக்கு 24. ஆணுக்கு ஒன்று குறைவாயிருப்பது எண்ணினவரின் பிழையன்று. பெண்ணிடம் இரண்டாயுள்ள இலிங்க நிறமூர்த்தம் ஆண் தத்துவெட்டியிடம் ஒன்றே உண்டு.

இவ்வரையறைக்கு அடங்காத நிறமூர்த்தங்களும் உள. ஒரே இடத்திற் பிடித்த ஒரே இனத்துப் பூச்சிகள் இரண்டனுள், ஒன்றில் வரையறுத்த தொகையும் மற்றதில் அதற்கு மேல் ஒன்றோ இரண்டோ மூன்றோ காணப்படுதல் உண்டு. அவையில்லாத பூச்சியும் உண்டு, குடித்து, இனம்பெருக்கி வாழ்கின்றது. அவையுள்ள பூச்சியும் அவ்வாறே வாழ்கின்றது. இவற்றையே ஈண்டு மிகை நிறமூர்த்தங்கள் என்கின்றோம். அறிவியல் நூல்கள் இவற்றை 'பி' நிறமூர்த்தங்கள் என்றும், இன்றியமையாத ஏனையவற்றை 'ஏ' நிறமூர்த்தங்கள் என்றும் குறிக்கும். 1928ஆம் ஆண்டிலே சோளப்பயிரை ஆராய்ந்த இராண்டொல்ஃப் என்பார் இட்ட பெயர் அது. 2017இல் தொகுக்கப்பட்ட பட்டியலொன்றில் மிகை நிறமூர்த்தம் உடையன என 2,800க்கு மேற்பட்ட இனங்கள் இடம்பெற்றன. அவற்றுட் பெரும்பகுதி தாவரங்கள். எனினும் இவற்றின் நடத்தை மிகத் தெளிவாக விளங்கியது பூச்சிகளிலே எனலாம்.

பயன் ஏதுமின்றி ஒரு பொருள் தலைமுறை தலைமுறையாக நிலைத்திருப்பது எங்ஙனம்? கலப்பிரிவிலே தமக்குரிய பாதிப் பங்குக்கு மேற் பெற்றுக்கொள்வதாலேயே இவை நிலைக்கின்றன என்பதே இக்கட்டுரையில் நாம் காட்டப்புகுவது.

மாணவர் மயங்கக்கூடிய ஓரிடத்தை முதலில் விலக்கிவிடுவோம். மனிதரில் 21ஆம் நிறமூர்த்தம் இரண்டுக்குப் பதிலாக மூன்றாக அமையின் டவுன் கூட்டறிகுறி தோன்றும் என்பதை 1959ஆம் ஆண்டு பிரான்சு நாட்டறிஞர் வெளிப்படுத்தினர். அங்கே மிகையாயிருப்பது இன்றியமையாத நிறமூர்த்தம் ஒன்றன் மூன்றாம் படி. அதிலுள்ள நூற்றுக்கணக்கான பரம்பரையலகுகளும் அளவுக்கு மீறித் தொழிற்படுகின்றன, உடல் மாறுபடுகின்றது. நாம் கூறும் பூச்சி நிறமூர்த்தம் அத்தகையதன்று. அது வேறெதற்கும் படியன்று. தன் இனத்து நிறமூர்த்தம் எதனோடும் சோடி சேராது. பெரும்பாலும் மீண்டும் மீண்டும் வரும் பொருளற்ற தொடர்களால் ஆயது. ஆகவேதான் ஒன்றிரண்டு இருந்தாலும் பூச்சி அதனைப் பெரிதாக உணர்வதில்லை.

நிற்க. பிரிவு நிகழும் முறையைச் சிறிது நினைவூட்டிக்கொள்ளுதல் வேண்டும். பழைய மாணவருட் பலர் இதைப் படித்து நெடுங்காலம் ஆகியிருக்கும். உடல் வளர்ச்சிக்கு உதவும் இழையுருப்பிரிவில் ஒவ்வொரு நிறமூர்த்தமும் முன்னரே இரட்டித்து, நீளவாக்கில் இரு கூறாகி, கூறொன்று ஒரு முனைக்கும் மற்றது எதிர்முனைக்கும் செல்லும். இழுத்துச் செல்வன கதிர் எனப்படும் நுண்ணிய நார்கள். கைத்தறிக்குப் பெயர்பெற்றிருந்த காத்தான்குடியிலும் மருதமுனையிலும் கதிர் என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. இரு முனையும் கூர்ந்து நடு பருத்த நூற்கதிரின் வடிவே கலத்தின் கதிருக்கும் உரியது. விந்தும் முட்டையும் உண்டாகும் ஒடுக்கற்பிரிவோ வேறு. அங்கே தந்தைவழி வந்த நிறமூர்த்தமும் தாய்வழி வந்த அதன் இணையும் முதலிற் சோடி சேர்ந்து, பின் எதிரெதிரே பிரியும். இதனாலேயே விந்துக்கும் முட்டைக்கும் சரிபாதி கிடைக்கின்றது. சோடி இருப்பதே பங்கீட்டுக்கு உறுதி. சோடியில்லாத மிகை நிறமூர்த்தத்தின் கதி என்ன என்பதே வினா.

காத்தான்குடியிலிருந்து தெற்கே சென்று, 2014ஆம் ஆண்டு திறக்கப்பட்ட மண்முனைப் பாலத்தால் வாவியைக் கடந்தாற் படுவான்கரை வயல்கள் தொடங்கும். நெற்கதிர் பால்பிடிக்கும் பருவத்தில் அவ்வரம்புகளில் நடந்தோர் ஒருவகைத் துர்நாற்றத்தை அறிவர். கதிரின் பாலை உறிஞ்சும் நெல் மூட்டுப்பூச்சியின் நாற்றம் அது. அதற்கு உறவுடைய பூச்சியொன்று அமெரிக்காவில் உண்டு. மெற்றாபோடியஸ் என்று அந்நாளிற் பெயர் பெற்றிருந்த அப்பூச்சியிலேதான் கொலம்பியாப் பல்கலைக்கழகத்து எட்மண்ட் வில்சன் 1907இல் மிகை நிறமூர்த்தங்களை முதன்முதற் கண்டு வெளியிட்டார். ஒரு பூச்சியின் கலங்களில் எண்ணிக்கை மாறாதிருக்க, பூச்சிக்குப் பூச்சி அது வேறுபடுதலே அவரை வியப்பில் ஆழ்த்தியது. அடுத்த ஆண்டு நெற்றி ஸ்டீவன்ஸ் அம்மையார் வெள்ளரிச் செடியைத் தின்னும் வண்டுகளில் இவற்றைக் கண்டார். இலிங்கத்தைத் தீர்மானிக்கும் நிறமூர்த்தத்தை 1905இல் துலக்கிய பெருமையும் இவ்வம்மையாருக்கு உரியது. அவர் பெயர் எம் பாடநூல்களில் அருகியே காணப்படுகின்றது, அது முறையன்று.

தத்துவெட்டியின் விதைக்குள் ஒடுக்கற்பிரிவைக் காண்போர் இருபத்துமூன்றில் இருபத்திரண்டு சோடி சேர்ந்து பதினொரு சோடிகளாக நடுத்தளத்தில் நிற்பதையும், தனித்த இலிங்க நிறமூர்த்தம் ஒரு முனைக்குச் சாய்ந்து செல்வதையும் காண்பர். மிகை நிறமூர்த்தம் ஒன்றிருப்பின் அதுவும் அங்ஙனமே தனியாக நிற்கும். சில சமயம் பிரியாமல் முழுதாக ஒரு முனைக்குச் செல்லும். சில சமயம் மற்றவையெல்லாம் முனைகளை அடைந்த பின்னும் நடுவிலே பின்தங்கி, எந்தக் கருவிலும் சேராது அழிந்தொழியும். இரண்டிருந்தால் தம்முட் சோடி சேர்தலும் கூடும். விந்தின் வழியாக மட்டும் நோக்கின் இதற்குக் கிடைப்பது பாதி; பின்தங்கி அழிவனவற்றைக் கழித்தாற் பாதிக்கும் குறைவு. அவ்வாறாயின் தலைமுறைதோறும் தேய்ந்து சில காலத்தில் மறைந்திருக்க வேண்டுமன்றோ? மறையவில்லை.

விடை இருவேறிடங்களிற் கிடைத்தது. ஒன்று முளையத்தில். ஆபிரிக்கா தொடக்கம் இந்தியா, யப்பான், அவுஸ்திரேலியா ஈறாகப் பரந்து வாழ்வது லோக்கஸ்ரா என்னும் படைவெட்டுக்கிளி. அதன் விதையிலுள்ள நுண்குழாய்களை ஒவ்வொன்றாக ஆராயின், ஒரே பூச்சியின் ஒரு குழாயில் மிகை நிறமூர்த்தம் ஒன்றும் அடுத்ததில் இரண்டும் இருக்கக் காணலாம். வில்சன் பார்த்த பூச்சிக்கு இது முற்றும் மாறு. முளையம் வளரும் தொடக்கக் காலத்து இழையுருப்பிரிவிலே மிகை நிறமூர்த்தத்தின் இரு கூறுகளும் பிரிந்து எதிரெதிரே செல்லாமல், ஒட்டியபடியே ஒரு முனைக்குச் சென்றுவிடுகின்றன. எந்த முனைக்கு என்பதிலேதான் சூட்சுமம். பிற்காலத்தில் விந்தாகவோ முட்டையாகவோ மாறப்போகும் கலத்தின் பக்கமே அவை மிகுதியாகச் செல்கின்றன. உடலாகி மடியும் கலத்திற் சிக்கிக்கொள்வது குறைவு. இவ்வாறு வழித்தோன்றலுக்குரிய கலங்களில் மிகை நிறமூர்த்தம் குவிவதை யப்பானிய அறிஞர் கயானோ 1971இல் எடுத்துக்காட்டினார். ஊசி நூர் என்னும் ஆராய்ச்சியாளர் வேறு வெட்டுக்கிளி இனங்களில் இதனையே 1960களிற் கண்டிருந்தார்.

மற்றொன்று முட்டையில். விந்தாகும் கலம் நான்கு சமமான விந்துகளைத் தரும். முட்டையாகும் கலமோ நான்கில் ஒன்றையே முட்டையாக வைத்துக்கொண்டு, எஞ்சியவற்றை முனைவுடல்கள் என்னும் சிறு துண்டுகளாக்கிப் புறத்தே தள்ளிவிடும். ஆகையால் முட்டையின் ஒடுக்கற்பிரிவில் எப்பக்கம் நிற்பது என்பது வாழ்வா சாவா என்னும் வினா. பிரித்தானியப் புல்வெளிகளில் வாழும் சிறு தத்துவெட்டியொன்றை கொட்ஃபிறி ஹியூவிற் என்பார் ஆராய்ந்து 1976இல் வெளியிட்ட முடிவு இது: அப்பூச்சியின் முட்டைக்கலத்தில் கதிரின் இரு பாதியும் சமமல்ல, முட்டையை நோக்கிய பாதி நீண்டது, வெளியை நோக்கிய பாதி குறுகியது. சோடிகளெல்லாம் நடுத்தளத்தில் நிற்க, மிகை நிறமூர்த்தம் மட்டும் தளத்தை விட்டு விலகி நீண்ட பாதிக்குள்ளே போய் நிற்கின்றது. பிரிவு தொடங்கியதும் அது முட்டைக்குள்ளேயே தங்குகின்றது. தாய்வழியிற் பாதிக்கு மேல், தந்தைவழியிற் பாதிக்குக் கீழ். இரண்டையும் கூட்டிப் பார்த்தால் இழப்பு ஈடாகிவிடுகின்றது.

இதற்கெல்லாம் முன்னரே, 1945ஆம் ஆண்டில், சுவீடன் நாட்டு ஒஸ்ரகிறென் என்னும் தாவரவியலாளர் இவற்றை ஒட்டுண்ணிகள் என்று துணிந்து கூறினார். அந்நாளில் அது பலருக்கு உவப்பாயிருக்கவில்லை. ஓர் உறுப்பைக் கண்டால் அது எதற்குப் பயன்படுகின்றது என்று வினவியே பழகியவர்களுக்கு, எவருக்கும் பயன்படாமலே ஒன்று வாழலாம் என்னும் கருத்து எளிதில் ஏறாது. எம் வகுப்பறைகளில் இன்றும் அவ்வழக்கம் உண்டு. பரீட்சை வினாத்தாள்களும் அதனையே ஊக்குகின்றன. ஒஸ்ரகிறென் கூறியது வேறு: ஒரு நிறமூர்த்தம் தன்னைத் தாங்கும் உடலுக்கு எதுவும் செய்ய வேண்டியதில்லை, பிரிவிலே முந்திக்கொண்டாற் போதும். நாயுண்ணி நாய்க்கு என்ன செய்கின்றது என்று எவரும் கேட்பதில்லை.

இதற்கு மாவுப்பூச்சியினும் சிறந்த சான்று காண்பது அரிது. 2008ஆம் ஆண்டிலே பப்பாசி மாவுப்பூச்சி இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் ஒருங்கே பரவிப் பப்பாசியையும் மரவள்ளியையும் பாழாக்கியதை வீட்டுத்தோட்டம் வைத்திருப்போர் மறந்திரார். அக்குடும்பத்து ஆண்பூச்சிகளின் பரம்பரை விந்தையானது. ஆண் முளையத்தில் தந்தையிடமிருந்து வந்த ஐந்து நிறமூர்த்தங்களும் இறுகச் சுருண்டு செயலற்றுப்போகின்றன. தாய் தந்த ஐந்துமே தொழில் செய்கின்றன. அவ்வாண் வளர்ந்து விந்தை உண்டாக்குங்காலத்தில், தாய்வழிக் கூட்டம் ஒரு முனைக்கும் சுருண்ட தந்தைவழிக் கூட்டம் எதிர்முனைக்கும் செல்கின்றன. தாய்வழிக் கூட்டத்தைப் பெற்றவை விந்தாகின்றன, மற்றவை சிதைகின்றன. ஆகவே ஆண் மாவுப்பூச்சி தன் தந்தையிடம் பெற்ற எதனையும் தன் பிள்ளைக்குக் கொடுப்பதில்லை. தாயின் சொத்தே கைமாறும். தாய்வழியாற் குடியும் முதுசமும் வழங்கும் மட்டக்களப்பாருக்கு இது அத்துணைப் புதுமையாகத் தோன்றாதிருக்கலாம்!

இங்கே மிகை நிறமூர்த்தம் தந்தைவழி வந்ததாயின் அழியவேண்டியதே. நூர் அவர்கள் 1962இல் ஒரு மாவுப்பூச்சி இனத்திற் கண்டது யாதெனின், ஆணின் கலங்களிற் சுருண்டவற்றோடு சுருண்டதாகத் தோன்றும் அந்த மிகை நிறமூர்த்தம், விந்தாக்கும் பிரிவு தொடங்கியதும் தன் சுருளைத் தானே தளர்த்திவிடுகின்றது. தொழில் செய்யும் தாய்வழி நிறமூர்த்தங்களைக் காட்டிலும் மிகுதியாகத் தளர்ந்து, அவற்றோடு கூடி, அழியாத முனைக்கே சென்றுவிடுகின்றது. விந்துகளுட் பெரும்பாலானவை அதைப் பெறுகின்றன. சாவுக்குரிய வரிசையில் நின்றது, கணக்கெடுக்கும் நேரத்தில் உடை மாற்றிக்கொண்டு வாழ்வோர் வரிசையிற் சேர்ந்துகொள்வது போன்றது இது. தாங்கும் பூச்சிக்கு இதனால் ஊதியம் இல்லை.

நெல்லின் குருத்தை வெங்காயத்தாள் போன்ற குழலாக்கும் சிறு ஈ ஒன்று எம் வயல்களிலும் உண்டு. அந்த ஈயின் குடும்பத்தில் வேறொரு முறை வழங்குகின்றது. வழித்தோன்றற் கலங்கள் மட்டும் பெருந்தொகையான மிகை நிறமூர்த்தங்களை வைத்துக்கொள்ள, உடலாகும் கலங்கள் முளையத்தின் தொடக்கப் பிரிவுகளிலேயே அவற்றைக் கழித்துவிடுகின்றன. ஆயின் அங்கே அவை எல்லாப் பூச்சிகளிலும் நிலையாக இருப்பவை. நாம் பேசும் வந்தேறிகளோடு அவற்றை ஒன்றாக எண்ணலாகாது.

இதுகாறும் சொன்னவை முந்திக்கொள்வதோடு அமைந்தன. ஒரு குளவியில் உள்ளதோ கொலையே செய்கின்றது. ஈக்களின் கூட்டுப்புழுவில் முட்டையிட்டு அவற்றைக் கொல்லும் நசோனியா என்பது மிகச் சிறிய குளவி. எறும்பு, தேனீ, குளவி இனங்களில் விந்து சேர்ந்த முட்டை பெண்ணாகும். விந்து சேராத முட்டை ஆணாகும். ஆணுக்கு நிறமூர்த்தம் 5, பெண்ணுக்கு 10. சில ஆண் குளவிகளின் விந்தில் ஆறாவதாக ஒரு குறுகிய மிகை நிறமூர்த்தம் உண்டு. அவ்விந்து முட்டையைச் சேர்ந்ததும், முதற்பிரிவு முடியுமுன்னரே, உடன்வந்த தந்தைவழி நிறமூர்த்தங்கள் ஐந்தும் உருக்குலைந்து ஒரு கட்டியாகி இழக்கப்படுகின்றன. ஆறாவது மட்டும் தப்புகின்றது. பெண்ணாக வேண்டிய முட்டை தாயின் ஐந்தோடு அந்த ஒன்றையும் தாங்கி ஆணாகப் பிறக்கின்றது. அந்த ஆண் மீண்டும் அதனையே செய்கின்றது. நூர், வெறன் முதலியோர் 1988இல் இதனை விளக்கினர். அம்மிகை நிறமூர்த்தத்திலுள்ள ஒரு பரம்பரையலகே இவ்வழிவுக்குக் காரணம் என்பது 2020இல் தெளிவாயிற்று. ஒவ்வொரு தலைமுறையிலும் தன்னைக் கொண்டுவந்த நிறமூர்த்தங்கள் அனைத்தையும் அழித்துவிட்டுத் தான் மட்டும் எஞ்சுவதே இந்நிறமூர்த்தத்தின் இயல்பு.

இஃது ஆய்வுகூடத்து வேடிக்கை மாத்திரமன்று. மேலே சொன்ன பப்பாசி மாவுப்பூச்சியை அடக்கியது நஞ்சன்று. அசெரோபேகஸ் என்னும் நுண்குளவியே. அயல்நாட்டிலிருந்து தருவித்து வளர்த்த அக்குளவி, 2010ஆம் ஆண்டு தமிழ்நாட்டுத் தோட்டங்களிலே விடப்பட்டது. இலங்கையிலும் அம்முறையே கைக்கொள்ளப்பட்டது. கரும்புத் துளைப்புழுவை அடக்கத் தமிழ்நாட்டிற் பயன்படும் திறைக்கோகிறமா என்பதும் அத்தகைய நுண்குளவி. இப்பணியில் உதவுவன பெண்குளவிகளே. பூச்சியின் உடலிலோ முட்டையிலோ தன் முட்டையை இடுபவள் அவள். ஆண் அதைச் செய்வதில்லை. திறைக்கோகிறமாவின் அமெரிக்கப் பாலைவன இனமொன்றிலும் நசோனியாவிற் கண்டது போன்ற மிகை நிறமூர்த்தம் 2001ஆம் ஆண்டு வெளிப்பட்டது. வளர்ப்பு நிலையத்துக் கூண்டொன்றில் அத்தகைய நிறமூர்த்தம் புகுமாயின், குளவி பிறக்கும், ஆணாகவே பிறக்கும், வயலுக்குப் பயன் இராது. நுண்குளவி வளர்ப்போர் ஆண் பெண் விகிதத்தைத் தவறாது கணக்கெடுத்துவருவதற்கு இதுவும் ஒரு காரணமாகத் தக்கது.

அவ்வாறாயின் இன்றியமையாத நிறமூர்த்தங்கள் கைகட்டி நிற்கின்றனவா என்று மாணவர் கேட்கக்கூடும். இல்லை. ஸ்பெயின் நாட்டின் தென்கரையில் வாழும் ஐப்பிறெப்பொக்னெமிஸ் என்னும் வெட்டுக்கிளியை கிறனாடாப் பல்கலைக்கழகத்துக் கமாச்சோ குழுவினர் 1980 தொடக்கம் பல்லாண்டு ஆராய்ந்தனர். அதன் மிகை நிறமூர்த்தங்களுட் பல இப்பொழுது பாதிக்கு மேற் பெறுவதில்லை. மெண்டெலின் விதிக்கு அடங்கிய பிள்ளைகளாக நடக்கின்றன. காரணம், அவற்றின் முந்துதலைத் தடுக்கும் பரம்பரையலகுகள் ஏனைய நிறமூர்த்தங்களில் நாளடைவில் மேலோங்கியமையே. அடங்கிய மிகை நிறமூர்த்தம் பின்னர் மெல்ல மெல்லத் தேய்வதே இயல்பு. ஆயின் தொறொக்ஸ் என்னும் கரையோர ஊரில் வேறொன்று நிகழ்ந்தது. அடங்கிப்போன பழைய வகையின் இடத்தை, அதிலிருந்தே திரிந்த புதிய வகையொன்று பிடித்துக்கொண்டது. அது பாதிக்கு மேற் பெற்றது, பழையது மறைந்தது. சில ஆண்டுகள் கழித்து மீண்டும் பார்த்தபொழுது புதியதன் வேகமும் தணிந்திருந்தது. நூலிலே மட்டும் படித்த போராட்டத்தைச் சில ஆண்டுகளுக்குள் கண்ணாற் கண்டவர்கள் அவர்கள்.

இவற்றுட் சிலவற்றைக் காண ஸ்பெயினுக்குப் போக வேண்டுவதில்லை. விலங்கியல் மாணவர் ஒடுக்கற்பிரிவைக் காண்பதற்குத் தத்துவெட்டியின் விதையே உலகெங்கும் வழங்கும் பொருள். காத்தான்குடி, ஆரையம்பதி வாவிக்கரைப் புற்றரைகளில் மழைக்குப் பின் அவை வேண்டியமட்டும் கிடைக்கும். இறகு முதிர்ந்த ஆணின் வயிற்றின் மேற்புறத்தே மஞ்சள் நிறக் கொத்தாக விதை இருக்கும். அதை எடுத்து, மூன்று பங்கு மதுசாரமும் ஒரு பங்கு அசற்றிக்கமிலமும் கலந்த திரவத்தில் இட்டு நிலைப்படுத்தல் வேண்டும். பின்னர் ஒரு நுண்குழாயை மட்டும் பிரித்து, அசற்றோகாமைன் சாயத் துளியில் வைத்து, மூடித்தகட்டால் மூடி, வடிதாளின் மேற் பெருவிரலால் அமுக்க வேண்டும். தகடு பக்கவாட்டில் வழுக்கலாகாது. பாடசாலை நுணுக்குக்காட்டியின் நானூறு மடங்கு உருப்பெருக்கம் போதும்.

பதினொரு சோடியும் ஒரு தனியுமாக எண்ணிக்கை வரின் அது வழமையான பூச்சி. பத்தொன்பதே உடைய குடும்பமும் உண்டாதலால், எண்ணிக்கை குறைந்தால் முதலில் இனத்தைச் சரிபார்த்தல் நன்று. தனியாக இரண்டு நிற்கக் கண்டால் அவற்றுள் ஒன்று இலிங்க நிறமூர்த்தம், மற்றதைக் குறித்துக்கொள்க. ஒரு கலத்தைக் கண்டு முடிவு செய்யாது, அக்குழாயில் ஐம்பது கலமாயினும் எண்ணி, பின் அதே பூச்சியின் அடுத்த குழாய்க்குச் செல்க. குழாய்க்குக் குழாய் தொகை மாறுகின்றதா, வில்சன் கண்டதுபோல் மாறாதிருக்கின்றதா என்பதையும் பிடித்த இடத்தையும் நாளையும் வில்லையின் மேலேயே எழுதிவைக்க.